சித்தப்பாவின் இடது கால்

இரவு எட்டரைக்கு நீர்கொழும்பு வீதியில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வரும் சித்தப்பா, வாசற்படியில் உட்கார்ந்து முதலில் கழற்றுவது இடது கால் சொக்ஸைத்தான். அதன் விளிம்பு பதிந்த இடம் கணுக்காலைச் சுற்றிப் பள்ளமாகக் கிடக்கும். பெருவிரலால் அமர்த்திக் காட்டுவார்; குழி நிரம்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்கு மேலே, கெண்டைக்காலில், மண்புழு சுருண்டு படுத்ததுபோல் நீலம் பாரித்த புடைப்பு. செட்டியார் தெரு நகைக்கடையில் முப்பது வருடம் நின்ற கால் அது.

"நரம்பு சுருண்டு போச்சுன்னு நரம்பு டொக்டரத்தான் தம்பி சனல் பண்ணினேன். அவர் பார்த்துட்டு, இது தன்ட பகுதி இல்லன்னு அனுப்பிட்டார்."

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் ஊசி ஏற்றத் தேடுவதும் நரம்புதான், விறைத்துப்போவதும் நரம்புதான். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் மட்டும் 'நாளம்' என்று பிரித்துச் சொல்கிறது. வெரிகோஸ் வெயின் நாளத்து வருத்தம். காட்ட வேண்டியது சத்திர சிகிச்சை நிபுணரிடம். குருதிக்குழாய் நிபுணர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நடக்கும்போது கெண்டைத் தசை நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. ஏறியது திரும்பி விழாமல் உள்ளேயுள்ள வால்வுகள் பிடித்துக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் தசைக்கு வேலையில்லை, பாரம் முழுக்கக் கீழே தேங்குகிறது. நிற்கும் தொழில் மட்டும் காரணமல்ல. பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் பருமன், வயது எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

லேசரா, ஒப்பரேஷனா என்று கேட்குமுன் டொப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதை நிற்க வைத்துப் பார்ப்பதுதான் முறை. கெண்டையைக் கையால் பிழிந்துவிட்டு, இரத்தம் எவ்வளவு நேரம் பின்னால் ஒழுகுகிறது என்று திரையில் அளப்பார்கள். அரை வினாடிக்கு மேல் ஒழுகினால் அந்த வால்வு பழுது. எந்த நாளம், எங்கிருந்து எங்கே வரை என்ற இந்த வரைபடம் கையில் இல்லாமல் 'பெக்கேஜ்' விலை சொல்லும் இடத்தில் நான் காசு கட்டமாட்டேன்.

பழைய வழி, தொடையிடுக்கில் நாளத்தைக் கட்டி, கம்பியைச் செலுத்தி உருவி எடுப்பது. உள்ளே செலுத்தும் கம்பியை பாப்கொக் என்ற அமெரிக்கர் 1907இல் அறிமுகப்படுத்தினார். அதற்கும் வெகுகாலம் முன்பு ரோமானியத் தளபதி மாரியஸ் ஒரு காலின் நாளங்களை வெட்டக் கொடுத்துவிட்டு, மற்றக் காலை நீட்ட மறுத்ததாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இன்று மயக்க மருந்து இருப்பதால் அந்தக் கொடுமை இல்லை. ஆனால் கண்டிப்போகும், வேலைக்குத் திரும்பச் சில நாள் பிடிக்கும்.

லேசரிலும் ரேடியோ அலையிலும் நாளத்தை எடுப்பதில்லை; உள்ளேயே சூடாக்கி மூடிவிடுகிறார்கள். ரேடியோ அலைக் கருவியில் 120 பாகை செல்சியஸ், ஏழு சென்டிமீட்டருக்கு இருபது வினாடி. சுற்றிலும் விறைப்பு மருந்து கலந்த உப்புநீரை ஏற்றுவதால் தோல் சுடாது. அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வரலாம். பசையால் ஒட்டும் முறையில் அந்த ஊசிகளும் தேவையில்லை, ஆனால் பொருளின் விலை கடிக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும்.

நுரை ஊசி பார்க்க வேடிக்கையானது. இரண்டு சிரிஞ்சுகளைக் குழாயால் இணைத்து, ஒரு பங்கு மருந்தையும் நாலு பங்கு காற்றையும் இங்குமங்கும் இருபது தடவை தள்ளினால் சவர நுரை மாதிரி வெள்ளையாகத் திரளும். மலிவு, வெட்டில்லை. ஆனால் திரும்பவும் போட வேண்டி வரலாம், தோலில் கபில நிறக் கறை தங்கலாம். பிரித்தானியாவில் 798 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்த கிளாஸ் ஆய்வில், லேசரும் சத்திர சிகிச்சையும் பெற்றவர்களின் நிலை நுரை போட்டவர்களைவிட நன்றாக இருந்தது. அந்த நாட்டின் 2013 வழிகாட்டி முதலில் சூட்டுமுறை, அது சரிவராவிட்டால் நுரை, அதற்கும் பிறகு சத்திர சிகிச்சை என்கிறது. விலைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நமக்கு அந்த வரிசை அப்படியே பொருந்தாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக உருவி எடுக்கக் கிடைத்தால் அது இரண்டாந்தர வைத்தியம் அல்ல.

"நரம்ப எடுத்துட்டா ரத்தம் எதால போகும்?" என்று சித்தி கேட்டார். காலின் இரத்தத்தில் பெரும்பங்கைச் சுமப்பது ஆழத்து நாளங்கள். பழுதான மேல் நாளம் போனால் அவற்றுக்குச் சுமை குறையுமே தவிர, கூடாது.

நிறத்துக்காக, சிலந்திவலைக் கோடுகளுக்காக அவசரப்படத் தேவையில்லை. கணுக்காலின் உட்புறம் கறுத்துத் தடித்தால் தள்ளிப்போடக் கூடாது. புண் வந்துவிட்டால் கட்டுப்போட்டுக்கொண்டே காத்திருப்பதும் பிழை: 2018இல் வெளியான ஈவ்ரா ஆய்வில் நாளத்தை உடனே மூடியவர்களின் புண் நடுக்கணக்கில் 56 நாளில் ஆறியது, தாமதித்தவர்களுக்கு 82 நாள். புடைத்த நாளம் வெடித்து இரத்தம் பாய்ந்தால் படுத்து, காலை உயர்த்தி, அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோவெடுத்தால் ஆழத்து நாளத்தில் இரத்தக்கட்டியா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு ராகம ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் துண்டு எழுதி வாங்கியாயிற்று. அதுவரை இறுக்குக் காலுறை. சீனி வருத்தம் உள்ளவர் என்பதால் முதலில் பாதத்து நாடி ஓட்டத்தைப் பார்த்த பிறகே அதைக் கொடுத்தார்கள். காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் போட வேண்டும். வத்தளைப் புழுக்கத்தில் அவரும் சித்தியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து முடிக்கும்போது ஆறு மணி பஸ் போய்விடுகிறது.