வலியில்லாத வீக்கம்

உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல்களிலே வெறுங்காலுடன் இறங்கும் கமக்காரனுக்கு முள் குத்துவது ஒரு செய்தியே அன்று. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பான். மண்ணிலுள்ள பங்கசு, அதாவது பூஞ்சணம், அம்முள்ளோடு தோலின் கீழ்ப் புகுந்துவிடுமாயின், பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அவ்விடத்திலே கட்டியொன்று தோன்றலாம். அது பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுவே இந்நோயின் வஞ்சகம். வலிக்கும் புண்ணுக்கு மருந்து தேடி ஓடுகிறவன், வலியில்லா வீக்கத்தை ஆண்டுக்கணக்கிற் சுமந்து திரிகிறான்.

மருத்துவ உலகம் இதற்கு 'மதுரைக் கால்' என்று பெயர் சூட்டியுள்ளது. 1842 ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த கில் என்னும் வைத்தியர் இதனைக் குறிப்பிட்டார். பின்னர் பம்பாயிற் பணியாற்றிய வான்டைக் கார்ட்டர் இதனை விரிவாக ஆராய்ந்து 'மைசெற்றோமா' என்று பெயரிட்டார். கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவரும் இவரே.

வீக்கம், அதிலே திறக்கும் துளைகள், துளைகளினின்றும் ஒழுகும் சிறு மணிகள் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். நம் நாட்டில் அரிதாகையால், எலும்புக் காசமென்று மயங்குதலும் உண்டு. மணிகளே உண்மையைச் சொல்லும். கருமணியாயின் பங்கசு, செம்மணியாயின் பற்றீரியா. வெள்ளை, மஞ்சள் மணிகள் இரண்டினாலும் உண்டாகலாம். அவற்றை நிறத்தால் தீர்மானித்தல் தகாது. ஆழத்திலிருந்து எடுத்த தசைத்துண்டை நுணுக்குக்காட்டியிற் பார்த்தும், கிருமியை வளர்த்தும் அறிதல் வேண்டும். எலும்பு அரிக்கப்பட்டுள்ளதா என்பதை எக்ஸ்-கதிர்ப் படம் காட்டும்.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுக் கல்வியன்று. ஒருவன் காலின் கதியே இதிற் தங்கியுள்ளது. பற்றீரியாவினால் வந்ததாயின், கோட்றைமொக்சசோல் போன்ற மருந்துகளை மாதக்கணக்கிற் கொடுக்கப் பெரும்பாலும் குணமாகும். பங்கசுக்கு அம்மருந்துகள் பயன்படா. இற்றாகொனசோல் என்னும் மருந்தை ஓராண்டோ அதற்கு மேலோ உட்கொள்ள வேண்டும். கட்டியை அறுத்து நீக்கவும் நேரும். கட்டி சிறிதாயிருக்கையில் முழுதாக எடுத்துவிடலாம். எலும்புவரை பரவியபின் காலையே இழக்க நேர்ந்தோர் பலர்.

வைத்தியசாலைக்குச் செல்வோர், முள் குத்தியது எத்தனை ஆண்டுகளுக்கு முன்னாயினும் மறவாது கூறுதல் வேண்டும். துளையின் மேல் ஈரமான சுத்தத் துணியை இரவிற் கட்டிவைத்தால், காலையில் மணிகள் அதில் ஒட்டியிருக்கக்கூடும். அத்துணியை எறிந்துவிடாது கொண்டுசெல்வது நன்று.