அண்ணல் ஏறிச் சென்ற கப்பல்

1931-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், வட்டமேஜை மாநாட்டிற்காக அண்ணல் காந்தியடிகள் பம்பாயில் 'ராஜபுதானா' என்ற கப்பலில் ஏறினார். பள்ளியிலேயே படித்த செய்திதான். அக்கப்பல் பின்னர் என்னவாயிற்று என்ற கேள்வி, அண்ணல் அதன் மேல்தளத்தில் நிற்கும் புகைப்படம் ஒன்றைக் கண்டபோதுதான் எனக்குத் தோன்றியது. தேடிப் படித்தேன்.

'பி அண்டு ஓ' கம்பெனிக்காக 1925-ல் ஸ்காட்லாந்தில் நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. ரவல்பிண்டி, ராஞ்சி, ரண்புரா ஆகியவை உடன்பிறப்புகள். நான்கும் பயணிகளோடு தபாலையும் சுமந்து இந்தியாவிற்கும் இங்கிலாந்திற்குமிடையே ஓடின.

1939-ல் போர் மூண்டது. வணிகக் கப்பல்களுக்குக் காவல் செல்லப் போதிய போர்க்கப்பல்கள் பிரிட்டனிடம் இல்லை. ஆகவே சுமார் ஐம்பது பயணிகள் கப்பல்களைக் கடற்படை எடுத்துக்கொண்டது. இந்நான்கும் அவற்றில் சேர்ந்தன. அண்ணல் காற்று வாங்கிய கப்பலில் எட்டுப் பீரங்கிகள் ஏறின! அவையும் பழைய ஆறங்குலப் பீரங்கிகள்.

பீரங்கி ஏற்றிவிட்டால் மட்டும் போர்க்கப்பலாகிவிடுமா? நெடுந்தூரம் ஓடும் திறன் பயணிகள் கப்பலுக்கு உண்டு. குண்டைத் தாங்கும் இரும்புக் கவசம் கிடையாது. உயர்ந்த பக்கங்களோ பகைவனுக்கு எளிய இலக்கு. துளை விழுந்தால் பெரிய சரக்கறைகளில் நீர் புகுந்துவிடும். இதற்கு மாற்றாக அறைகளில் காலிப் பீப்பாய்களை அடைத்தார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும், கப்பல் மூழ்குவதைத் தாமதப்படுத்த அது உதவியது.

ரவல்பிண்டிக்குப் பீப்பாய்கள் போதவில்லை. 1939 நவம்பர் 23 அன்று, ஐஸ்லாந்துக்கருகே ஷார்ன்ஹார்ஸ்ட், நைசெனோ என்ற இரு ஜெர்மன் போர்க்கப்பல்கள் அதனை எதிர்ப்பட்டன. அவற்றின் பீரங்கிகள் பதினோரு அங்குலம்! ஓய்வு பெற்றபின் மீண்டும் பணிக்கு வந்திருந்த அறுபது வயதுத் தலைவர் கென்னடி சரணடையவில்லை, சுட்டார். ஒரு மணி நேரம்கூடச் சண்டை நீடிக்கவில்லை. அவரும் பிறருமாக 238 பேர் மாண்டனர். இத்தகைய கப்பலைக் கொடுத்து வீரத்தை எதிர்பார்த்தது நியாயம்தானா என்று நான் நண்பர்களிடம் கேட்டதுண்டு. வேறு வழியில்லை என்றனர் சிலர்.

ராஜபுதானாவின் முடிவு 1941 ஏப்ரல் 13 அன்று வந்தது. ஐஸ்லாந்துக்கு மேற்கே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. கப்பல் ஒரு மணி நேரத்திற்கு மேல் மிதந்தது. அதனால் 280-க்கும் மேற்பட்டோரை 'லீஜியன்' என்ற நாசகாரிக் கப்பல் காப்பாற்ற முடிந்தது. 42 பேர் திரும்பவில்லை.

ராஞ்சியும் ரண்புராவும் போரில் தப்பின. ராஞ்சி பின்னர் குடியேறுவோரை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு ஓடியது.