வாடகை முன்பணமும் முகவர் கடமையும்

தம் பொருளைத் தாமே பேணுதற்கு இயலாதோர் பிறரொருவரை அமர்த்தி, அவர்வழிக் கருமம் முடித்துக்கொள்ளுதல் உலகியல்பு. அங்ஙனம் அமர்த்தப்பெற்றவர் செய்யும் நன்மையின் பயன் அமர்த்தியவரைச் சார்வதுபோல, அவர் செய்யும் பிழையின் பயனும் முதற்கண் அமர்த்தியவரையே சாரும். இவ்வுண்மை தெளிவுற விளங்கும் இடங்களுள் ஒன்று இங்கிலாந்து தேசத்து வீட்டு வாடகை முறையாகும். நம்மவருட் பலர் கல்வியின் பொருட்டு அந்நாடு சென்று வாடகை வீடுகளில் வசிக்கின்றனர். அங்கேயே நிலைத்துவிட்டோருட் சிலர் தாம் வாங்கிய வீட்டைப் பிறர்க்கு வாடகைக்கு விடுகின்றனர். ஆதலின் இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்தல் இரு திறத்தார்க்கும் பயன்படுமென எண்ணுகின்றோம்.

முதலாவது, முன்பணத்தின் இயல்பை அறிதல் வேண்டும். நம் நாட்டில் அட்வான்ஸ் என்று வழங்குவது போன்றதொரு தொகையை, இங்கிலாந்திலும் குடிபுகுவோர் வீட்டுக்காரரிடம் கொடுக்கின்றனர். வாடகை நிலுவைக்கும், வீட்டிற்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் நேரும் சேதத்திற்கும் அஃது ஈடாக நிற்பது. ஆண்டு வாடகை 50,000 பவுனுக்குக் குறைந்த வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்னும் விதி 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆம் தேதி முதல் அங்கே நடைபெறுகின்றது. ஈண்டு மறவாது கொள்ளத்தக்கது யாதெனின், இப்பணம் வீட்டுக்காரருடையதன்று, குடியிருப்போருடையதேயாம். அதில் ஒரு பகுதியை வீட்டுக்காரர் வேண்டுவராயின், அதற்குரிய காரணத்தை அவரே ருசுப்படுத்தல் வேண்டும்.

முன்னாளில் இப்பணம் வீட்டுக்காரர் கையிலேயே கிடந்தமையால், தக்க காரணமின்றி அதனைத் திருப்பிக் கொடாதாரும் உளராயினர். இக்குறையை நீக்குதற்பொருட்டு 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் விதிகள் செய்யப்பெற்று, 2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் தேதி முதல் முன்பணப் பாதுகாப்பு முறை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. இதற்கென அரசாங்கத்தாரின் அங்கீகாரம் பெற்ற திட்டங்கள் உள. அவை இருவகைப்படும். ஒருவகையில் பணம் முழுவதும் திட்டத்தாரிடமே ஒப்படைக்கப்படும். மற்றொரு வகையில் பணம் வீட்டுக்காரரிடமோ முகவரிடமோ இருக்க, கட்டணம் செலுத்தி அதற்கு இன்ஷுரன்ஸ் செய்யப்படும். எவ்வகையாயினும், பணம் பெற்ற 30 நாட்களுக்குள் அதனைப் பாதுகாப்பில் வைத்து, அவ்விவரங்களைக் குடியிருப்போர்க்கு எழுத்துமூலம் அறிவித்தல் இங்கிலாந்தில் கட்டாயமாகும். தவறின், முன்பணத்தின் ஒரு மடங்குக்குக் குறையாமலும் மூன்று மடங்குக்கு மேற்படாமலும் ஒரு தொகையைக் குடியிருப்போர்க்குக் கொடுக்குமாறு நியாயஸ்தலம் கட்டளையிடும்.

நிற்க. வீட்டுக்காரர் பலர் இவ்வேலைகளைத் தாமே செய்வதில்லை. ஏஜெண்டு எனப்படும் வாடகை முகவரை அமர்த்தி, வாடகையில் ஒரு பங்கை அவர்க்கு ஊதியமாக அளிக்கின்றனர். குடியிருப்போரைத் தேடுதல், வாடகை வசூலித்தல், பழுது பார்ப்பித்தல், முன்பணத்தைப் பாதுகாப்பில் வைத்தல், குடிபோகுங்கால் சேதத்தை மதிப்பிட்டு அதற்கு ஈடு கோருதல் ஆகியவற்றை முகவர் ஏற்றுக்கொள்கின்றனர். இவற்றுள் இறுதியிற் கூறியதன்கண் வீட்டுக்காரர்க்கும் முகவர்க்கும் இடையே பிணக்கு விளைதல் உண்டு. அதன் காரணம் அறிய, ஈடு கோரும் முறையை நோக்குவோம்.

குடியிருப்போர் வீட்டைக் காலி செய்தபின், முன்பணத்திற் கழிக்கவேண்டிய தொகைபற்றி உடன்பாடு ஏற்படாதாயின், இரு திறத்தாரும் இசைந்து அவ்வழக்கைத் திட்டத்தாரின் நடுவரிடம் விடலாம். இதற்குக் கட்டணமில்லை. நடுவர் வீட்டை நேரிற் சென்று பாரார். இரு திறத்தாரையும் அழைத்து விசாரணை செய்யார். தம்மிடம் வந்த ஆவணங்களை மாத்திரமே ஆராய்வர். குடிபுகுந்தபோது எழுதிய சாமான் ஜாபிதா, குடிபோனபோது எழுதிய ஜாபிதா, தேதியிட்ட புகைப்படங்கள், ஒப்பந்தப் பத்திரம், ரசீதுகள் என்பனவே அங்கே பேசும் சாட்சிகள். சுவரிற் கறையிருப்பது மெய்யே ஆயினும், முதல் ஜாபிதா இல்லையேல், அக்கறை பின்னர் நேர்ந்ததென்று எங்ஙனம் துணிவது? ஐயம் எழுமிடத்துப் பணம் அதற்குரிய குடியிருப்போரையே சேரும்.

இனி, முகவர்பால் நேரும் பிழைகள் நால்வகையாகக் காணப்படுகின்றன. முன்பணத்தைக் காலத்திற் பாதுகாப்பில் வையாமை ஒன்று. ஜாபிதாவை எழுதாமலோ, எழுதியும் குடியிருப்போரின் ஒப்புதல் பெறாமலோ விடுதல் இரண்டாவது. நடுவர் குறித்த தவணைக்குள் ஆவணங்களை அனுப்பாமை மூன்றாவது. வீட்டுக்காரரைக் கேளாமலே முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுதல் நான்காவது. இவற்றுள் மூன்றாவது மிக வருந்தத்தக்கது. ஏனெனில், உண்மையும் சான்றும் கைவசம் இருந்தும், தபால் அனுப்பும் சிறு கருமத்திற் சோர்ந்தமையால் வழக்கு அழிகின்றது. நடுவரின் முடிவுக்குப் பொதுவாக மேல்முறையீடும் இல்லை.

இப்பிழைகளின் பாரம் யாரைச் சாரும்? குடியிருப்போர்க்கு எதிரே, ‘என் முகவர் தவறினார், நான் அறியேன்’ என்று கூறி வீட்டுக்காரர் தப்ப இயலாது. சட்டம் முதற்கண் அவரையே பொறுப்பாளியாக நோக்கும். எனினும் முகவரும் விலகி நிற்றல் கூடாது. அவர்மீதும் இச்சட்டப்படி வழக்குத் தொடுக்கலாம் என்று 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றியும், ஊதியம் பெற்று ஒரு தொழிலை ஏற்றவர் அதனைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்தற்குக் கடமைப்பட்டவர். அக்கடமையில் வழுவியதனால் நேர்ந்த நஷ்டத்தை வீட்டுக்காரர் அவரிடம் கோரலாம்.

எவ்வளவு கோரலாம் என்பதிலேதான் வீட்டுக்காரர் பலர் மயங்குகின்றனர். எடுத்துக்காட்டாக, 600 பவுன் விலையுள்ள ஒரு தரைக்கம்பளம் பத்து ஆண்டு உழைப்பது என்று கொள்வோம். ஆறாம் ஆண்டின் முடிவில் குடியிருப்போர் அதனைச் செப்பனிட இயலாதவாறு தீய்த்துவிட்டனர். முகவர் தவணைக்குள் ஆவணங்களை அனுப்பாமையால் வழக்குத் தோற்றது. உடனே வீட்டுக்காரர், ‘600 பவுனையும் முகவர் தருக’ என்கின்றார். இது நியாயமாகுமா? ஆறு ஆண்டுத் தேய்மானம் எவர் குடியிருப்பினும் நேர்வதே. எஞ்சிய நான்கு ஆண்டுக்குரிய 240 பவுனையே நடுவர் அளித்திருப்பர். அதுவும் சாட்சியம் வலியுடையதாயின் மாத்திரம். ஆகவே, முகவர் பிழை செய்யாதிருந்தால் எது கிடைத்திருக்குமோ அதுவே வீட்டுக்காரர் இழந்தது. பழைய பொருளுக்குப் புதிய பொருளைப் பெறுதற்கு முன்பணமும் வழியன்று. முகவர் பிழையும் வழியன்று.

குறையைத் தீர்த்துக்கொள்ளும் வழி பின்வருமாறு. முதலில் முகவர்க்கே எழுத்துமூலம் முறையிடல் வேண்டும். எட்டு வாரத்துள் தக்க விடை கிடையாதாயின், முகவர் சேர்ந்துள்ள குறைதீர்ப்பு நிலையத்தை அணுகலாம். இங்கிலாந்தில் வாடகை முகவர் ஒவ்வொருவரும் அத்தகைய நிலையமொன்றிற் சேர்ந்திருத்தல் 2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1ஆம் தேதி முதல் கட்டாயமாகும். அதன் முடிவு ஒவ்வாதாயின் நியாயஸ்தலம் உண்டு; பொதுவாக 10,000 பவுன் வரையுள்ள வழக்குகள் சிறுவழக்கு முறையில் விசாரிக்கப்படும்; ஒப்பந்தம் மீறப்பட்ட நாள்முதல் ஆறு ஆண்டுக்குள் வழக்கிடல் வேண்டும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல், பிறர் பணத்தைக் கையாளும் முகவர் அப்பணத்திற்குக் காப்புத் திட்டமொன்றில் சேர்ந்திருத்தலும் அங்கே கட்டாயமாயிற்று. ஆனால் அஃது, முகவர் பணத்தைக் கையாடினாலோ திவாலானாலோ உதவுவதேயன்றி, அவருடைய சோம்பலால் தோற்ற வழக்கிற்கு உதவுவதன்று.

முகவர் பக்கத்து நியாயத்தையும் ஈண்டுக் கூறாது விடலாகாது. குடியிருப்போரைத் தேடித் தருதற்கு மாத்திரம் அமர்த்தப்பெற்ற முகவரிடம், ஜாபிதா ஏன் எழுதவில்லை என்று கேட்பது முறையன்று. கம்பளம் வாங்கிய ரசீதை வைத்திராத வீட்டுக்காரர், அதன் விலையை முகவர் மெய்ப்பிக்கவில்லை என்று குறைகூறுவதும் முறையன்று. ஆதலின், யார் எதைச் செய்வது என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுதல், பாதுகாப்புச் சான்றிதழின் பிரதியை 30 நாட்களுக்குள் கேட்டுப் பெறுதல், ஜாபிதாவின் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்தல், தவணை நாளைத் தாமும் குறித்துக்கொள்ளுதல் ஆகிய நான்கும் வீட்டுக்காரர் கடமையாம். குடியிருப்போரும் ஜாபிதாவைப் படித்துப் பாராமற் கையொப்பமிடுதல் தகாது.

வேதாகமத்தில் உக்கிராணக்காரனைப்பற்றிக் கேட்டிருக்கும் நம் மாணாக்கர்க்கு இதன் உட்பொருளை விரித்துரைத்தல் வேண்டா. முன்பணம் குடியிருப்போருடையது, வீடு வீட்டுக்காரருடையது, இரண்டும் முகவர் கையில் உள. தமதல்லாத பொருளுக்குக் கணக்கு ஒப்புவித்தல் முகவர் கடன்; அக்கணக்கைக் காலத்திற் கேட்டல் உடையவர் கடன். இவ்விரண்டில் எது குறையினும், நஷ்டம் வந்தபின் ஒருவரையொருவர் நோதலே எஞ்சும். நாளை பிறர் பொருளையும் பொறுப்பையும் ஏற்று உத்தியோகம் புரியப்போகும் நம் இளைஞர், ஒரு சிறு ஜாபிதாவையும் ஒரு தவணை நாளையும் அற்பமென்று எண்ணாதிருப்பாராக.