பழைய வினைல் பொம்மைகளில் பிசுபிசுப்பு

பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த வினைல் பொம்மையை எடுத்தால், கை கால்களில் பசைபோல ஒரு படலம் ஒட்டும். அழுக்கு என்று எண்ணி அழுத்தித் தேய்ப்பவர்களே அதிகம். உண்மையில் அது பொம்மைக்குள்ளிருந்து கசிந்தது.

வினைல் எனப்படும் பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, தண்ணீர்க் குழாயே சான்று. அதை மென்மையாக்க, தாலேட் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள நெகிழ்வூட்டிகளைச் சேர்க்கிறார்கள். இவை பி.வி.சி.யுடன் வேதிப்பிணைப்பால் இணைவதில்லை, இடையில் தங்கியிருக்கின்றன, அவ்வளவே. ஆகவே நாளடைவில், வெப்பத்தில் விரைவாகவே, மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. தூசி ஒட்டிக் கறுப்பது அதன்பிறகுதான். 1960களின் பார்பி பொம்மைகளில் இதைக் காணலாம். அவற்றின் காதோரப் பச்சைக் கறை வேறு வகை: தோட்டிலுள்ள செம்பு அரித்து வினைலில் ஊறியது. சோப்புக்கு அது போகாது.

பிசுபிசுப்பை நீக்க, வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். பிறகு ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்தலாம். ஆல்கஹால் உடனே பளிச்சிடச் செய்யும். ஆனால் உள்ளிருக்கும் நெகிழ்வூட்டியையும் இழுத்துவிடுவதால் வினைல் இறுகும், கண், உதட்டு வண்ணமும் கரையலாம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் கூடவே கூடாது. டால்கம் பவுடர் பிசுபிசுப்பை மறைக்குமேயன்றி நீக்காது. எப்படித் துடைத்தாலும் கசிவு மீண்டும் வரலாம். அப்போது மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

பாலித்தீன் பையில் சுற்றிவைப்பது நம் வழக்கம். பாலித்தீன் நெகிழ்வூட்டியை உறிஞ்சிக்கொள்வதால் அது உகந்ததன்று. வெயில்படாத, குளிர்ச்சியான இடத்தில் கண்ணாடிக் கலத்தில் வைப்பது மேல்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் மூன்று தாலேட்டுகளை விளையாட்டுப் பொருள்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கத் தடைவிதித்தது. எனவே பிசுபிசுக்கும் பழைய பொம்மையை, வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் தரவேண்டாம். துடைத்தபின் கையையும் கழுவிக்கொள்ளுங்கள்.