எழுதி வைக்காத வலிக்கு நஷ்டஈடு கிடைக்காது

கடனுக்குச் சாமான் கொடுக்கும்போது கொப்பியில் எழுதாமல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்கியவர் நல்ல மனிதராக இருந்தால் பணம் வரும். இல்லாவிட்டால் வாய்ச்சண்டைதான் மிஞ்சும். கடையில் ஐம்பது ரூபாவுக்கும் பில் எழுதுகிற நாம், வைத்தியசாலை வாசலை மிதித்ததும் அந்தப் பழக்கத்தை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிறோம். பிறகு ஏதாவது பிழைத்துவிட்டால், "என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது" என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருப்பதில்லை.

இந்த வாரம் வைத்தியக் கவனயீனம், பாரிய காயங்கள் ஆகியவற்றுக்கான நஷ்டஈட்டு வழக்குகளைப் பற்றி எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவன் அல்லன், இரும்புச் சாமான் வியாபாரி. ஆனால் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு பக்கமிருந்து கடைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தெரிந்தவர்களிடம் விசாரித்ததையும் வாசித்து அறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

லண்டனிலிருந்து வரும் ஆலோசனை

தீவுப்பகுதியில் லண்டனில் உறவினர் இல்லாத வீடு குறைவு. இங்கே ஒருவருக்கு வைத்தியம் பிழைத்துவிட்டது என்று கேள்விப்பட்டால், "வழக்குப் போடுங்கோ, இங்கே என்றால் மில்லியன் கணக்கில் குடுப்பாங்கள்" என்று அங்கிருந்து போன் வரும். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த மில்லியனுக்குப் பின்னால் இருக்கிற வேலையை அவர்கள் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் இந்த வழக்குகளை மட்டுமே தொழிலாகச் செய்கிற பாரிஸ்டர்கள் இருக்கிறார்கள். முதலில் சொலிசிட்டர் என்ற சட்டத்தரணி வைத்தியசாலைப் பதிவுகள் அனைத்தையும் எடுப்பார். பிறகு வழக்கில் சம்பந்தப்படாத நிபுணர்களிடம் அறிக்கை கேட்பார்கள். வைத்தியர் செய்தது பிழையா என்று ஓர் அறிக்கை. அந்தப் பிழையால்தான் பாதிப்பு வந்ததா என்று இன்னோர் அறிக்கை. மிச்ச வாழ்நாளுக்கு எவ்வளவு செலவாகும் என்று மூன்றாவது அறிக்கை. இவையெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் பாரிஸ்டர் நீதிமன்றத்தில் எழுந்து நிற்பார். அநேகமான வழக்குகள் அந்த அறிக்கைகளின் பலத்திலேயே வெளியில் பேசித் தீர்க்கப்படுகின்றன.

நம் நாட்டிலும் முன்பு இப்படி இரண்டு வகுப்பு இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் அப்புக்காத்து, புறக்கிராசி என்று சொன்னது அவர்களைத்தான். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தோடு அந்தப் பிரிவு நீங்கி எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். ஆனால் எந்தச் சட்டத்தரணியாக இருந்தாலும் அவர் கேட்கப்போகும் கேள்விகள் லண்டன் பாரிஸ்டர் கேட்பவைதான்.

சட்டத்தரணியே போட்ட வழக்கு

இலங்கையில் இந்த விடயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற வழக்கு, பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிராக றியன்சி அர்சகுலரத்ன தொடுத்தது. அவர் பேர்பெற்ற சட்டத்தரணி. அவருடைய சிறுமகள் 1992இல் மூளைத் தண்டில் ஏற்பட்ட கட்டியால் இறந்துபோனார். நாட்டின் முன்னணிக் குழந்தை வைத்திய நிபுணர் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை, வேறு நோய் என்று எண்ணிச் சிகிச்சை செய்தார் என்பது தகப்பனின் முறைப்பாடு.

கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நஷ்டஈடு வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் கவனயீனம் என்ற முடிவை ஏற்றுக்கொண்டது, ஆனால் தொகையை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் வழக்கையே தள்ளுபடி செய்தது.

உயர் நீதிமன்றம் சொன்ன காரணத்தை ஒவ்வொரு வியாபாரியும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பிழை நடந்தது என்பது ஒரு விடயம். அந்தப் பிழையால்தான் மரணம் வந்தது என்பது வேறு விடயம். அந்தக் கட்டி எப்படியும் உயிரைப் பறிக்கக்கூடியது. சரியான நேரத்தில் கண்டுபிடித்திருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. அதோடு, நம் நாட்டு றோமன் டச்சுச் சட்டப்படி பெற்றோரின் மனவேதனைக்கு விலை கேட்க முடியாது, பணநட்டத்தைத்தான் கேட்கலாம் என்றும் தீர்ப்பானது.

மனவேதனை பற்றிய அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், இன்னொருவரின் பிழையால் ஒருவர் இறந்தால் நெருங்கிய குடும்பத்தினர் அன்பையும் ஆதரவையும் இழந்ததற்கும் நஷ்டஈடு கோர வழிசெய்தது. ஆனால் முதலாவது பூட்டு அப்படியே இருக்கிறது. பிழையையும் பாதிப்பையும் இணைக்கிற சங்கிலியை வழக்காளிதான் காட்ட வேண்டும்.

கடல் குறுக்கே நிற்கும்போது

தீவு மக்களுக்கு இந்தச் சங்கிலி மற்றவர்களை விடக் கஷ்டமானது. நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வருகிறது என்று வையுங்கள். முதலில் அங்குள்ள வைத்தியசாலை. அங்கிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் படகு கிடைப்பதே கேள்வி. இரவென்றால் பல தடவை கடற்படைப் படகுதான் கைகொடுத்திருக்கிறது. குறிகட்டுவானில் அம்புலன்ஸ், பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை தாண்டி யாழ் போதனா வைத்தியசாலை. 1990 அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது பெரிய உதவி. ஆனால் அது கடலில் ஓடாது.

இந்தப் பயணத்தில் ஐந்தாறு கைகள் மாறுகின்றன. நோயாளிக்கு ஏதும் நடந்துவிட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டலாம். தீவு வைத்தியசாலை "நாங்கள் உடனே அனுப்பிவிட்டோம்" என்னும். பெரிய வைத்தியசாலை "வரும்போதே காலம் கடந்துவிட்டது" என்னும். கடைசியில் குற்றவாளி கடல்தான் என்று முடியும். கடலுக்கு எதிராக யாரும் வழக்குப் போட முடியாது.

ஆகவே தீவு மக்களின் வழக்கு நேரத்தில்தான் நிற்கிறது. எத்தனை மணிக்கு வார்ட்டுக்குப் போனது, எத்தனை மணிக்கு வைத்தியர் பார்த்தார், எத்தனை மணிக்கு மாற்றுக் கடிதம் எழுதப்பட்டது, படகு எப்போது புறப்பட்டது. கூடப் போகிறவர் ஒரு துண்டுக் கடதாசியில் இந்த நான்கு நேரத்தையும் குறித்து வைத்தால் அது பின்னாளில் பொன்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கதை

தீவொன்றில் சில்லறைக் கடை வைத்திருந்த ஒருவர், என் நீண்டகால வாடிக்கையாளர், சீமெந்து இறக்கும்போது விழுந்து கால் முறிந்தது. ஒரு வைத்தியசாலையில் மாக்கட்டுப் போட்டார்கள். கட்டு இறுக்கமாக இருக்கிறது, விரல் மரத்துப் போகிறது என்று இரண்டு நாளாகச் சொல்லியிருக்கிறார். வலி இருக்கத்தான் செய்யும் என்று பதில். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது விரல்கள் கறுத்திருந்தன. வேறிடத்துக்கு மாற்றி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

குடும்பம் பொறுமையாக இருந்தது. "எழுத்துப்படி நடந்திட்டுது நானா, யாரைக் குறை சொல்லுறது" என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கடை மெல்ல மெல்லப் படுத்து, பிள்ளையின் படிப்பு நிற்கிற நிலை வந்தபோதுதான் சட்டத்தரணியிடம் போனார்கள். அப்போது சம்பவம் நடந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. சட்டத்தரணி கடதாசிகளைப் பார்க்குமுன் திகதியைத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் கோவையை மூடினார்.

காலாவதிக் கட்டளைச் சட்டம் என்று 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. காயம், நட்டம் ஆகியவற்றுக்கான வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் இது பொதுவாக மூன்று வருடம். நமக்கு இரண்டுதான்.

கத்ரை நம்புவது நம் ஈமானில் ஒரு பகுதி. ஆனால் நம் மார்க்கம் காயத்துக்கும் உயிருக்கும் ஈட்டுத்தொகை என்ற ஒன்றையும் வைத்திருக்கிறது. உரிமையைக் கேட்பது பொறுமைக்கு எதிரானது அல்ல. மன்னிப்பதாயிருந்தாலும், உரிமை கையில் இருக்கும்போது மன்னிப்பதுதான் மன்னிப்பு.

எந்தக் கதவில் என்ன கிடைக்கும்

நம்மவர்கள் பலர் தவறான கதவைத் தட்டிக் காலத்தைக் கழிக்கிறார்கள். பொலிஸில் முறையிட்டால் நீதவான் விசாரிப்பார், குற்றம் உறுதியானால் தண்டனை கிடைக்கும். யாழ் போதனா வைத்தியசாலையில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் கை அகற்றப்பட்ட 2023ஆம் ஆண்டு விவகாரம் இந்த வழியில்தான் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. இலங்கை மருத்துவச் சபையில் முறையிட்டால் வைத்தியரின் பதிவைப் பற்றி நடவடிக்கை எடுக்கலாம். சுகாதார அமைச்சில் முறையிட்டால் உள்ளக விசாரணை நடக்கும். நஷ்டஈடு வேண்டுமானால் பிரதான வழி மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கும் குடியியல் வழக்கு. மற்றக் கதவுகளில் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் இரண்டு வருடம் ஓடிவிடும்.

அரச வைத்தியசாலைக்கு எதிராக வழக்குப் போட முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, கடமையின்போது தன் ஊழியர் செய்த தவறுக்கு அரசும் பொறுப்பு. ஆனால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தையும் இரண்டு வருடக் கணக்குக்குள்ளேயே பார்த்துக்கொள்ளுங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம், யாழ்ப்பாணத்திலும் அதன் அலுவலகம் உண்டு.

தொகையை எப்படிக் கணக்கிடுவது என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கொன்று நல்ல உதாரணம். 1996இல் சென்னை எழும்பூர் அரச மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு உரிய நேரத்தில் கண் பரிசோதனை செய்யப்படவில்லை. பார்வை போனது. இந்திய உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தீர்ப்பளித்தபோது, நடந்த செலவு 42,87,921 ரூபா என்றும், வருங்காலச் செலவு 1 கோடி 38 இலட்சம் என்றும் இரண்டு கணக்காகப் பிரித்தது. பிற்காலத்தில் விலைவாசி ஏறும் என்பதையும் சேர்த்துக் கணித்தது. ஏறக்குறைய நம் கடை ஐந்தொகை போலத்தான். பில் இல்லாதவர் இந்தக் கணக்கை எதை வைத்துக் காட்டுவார்?

ஜனாஸாவும் பிரேத பரிசோதனையும்

இதை எழுதச் சற்றுத் தயக்கமாக இருந்தாலும் எழுதாமல் விட முடியாது. மௌத்து நடந்தால் உடனே அடக்க வேண்டும் என்பதில் நாம் உறுதியானவர்கள். அதனால் சந்தேகமான மரணங்களிலும் பிரேத பரிசோதனை வேண்டாம் என்று கையெழுத்து வைத்து எடுத்து வருகிறோம். அதன் பிறகு மரணத்துக்கான காரணத்தை நிரூபிப்பது மிகவும் கடினம். சொய்சா வழக்கில் எல்லாமே மரணத்தின் காரணத்தில்தான் நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். தேவை ஏற்படும் இடத்தில் இதற்கு இடமுண்டா என்று உங்கள் ஊர் ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜனாஸா வீட்டில் நின்று முடிவெடுக்கிற விடயம் அல்ல இது.

நாமே பிரதிவாதியானால்

இதுவரை நாம் வழக்காளியாக நின்று பேசினோம். மறுபக்கமும் பார்க்க வேண்டும். நம் மூட்டையைத் தூக்குகிறவர், நம் லொறியில் ஏறுகிறவர், படகில் நம் சாமானோடு போகிறவர் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நம்மைத் தேடி வரும். அங்கே முதலாளியின் பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையில் காயம் வந்தது என்பதே போதும். 2022ஆம் ஆண்டின் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. இந்தத் தொகை ஒரு சின்னக் கடையைச் சாய்த்துவிடப் போதும். காப்புறுதி செய்யாத வர்த்தகர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

கடைசியாக, வைத்தியர்கள்மீது ஒரு நீதி வேண்டும். நோய் குணமாகாத எல்லா இடத்திலும் கவனயீனம் இல்லை. தகுதியுள்ள வைத்தியர்களில் பொறுப்பான ஒரு சாரார் அந்த இடத்தில் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றால் அது பிழையாகாது என்பது 1957 முதல் ஆங்கில நீதிமன்றங்களில் நிலைத்த அளவுகோல். குறைந்த வசதியோடு தீவில் தங்கிச் சேவை செய்கிற வைத்தியரை வெருட்டி அனுப்பினால் நட்டம் நமக்குத்தான்.

வெட்டி ஒட்டி வைக்க வேண்டியவை:

1. டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டயக்னோசிஸ் கார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கிளினிக் கொப்பி, மாற்றுக் கடிதம், எக்ஸ்ரே, மருந்துச் சிட்டை ஒன்றையும் எறியாதீர்கள்.

2. வார்ட்டில் வைத்திருக்கும் பெட் ஹெட் டிக்கெட்தான் முக்கிய சாட்சி. அரச வைத்தியசாலையில் உங்களுடைய பதிவின் பிரதியை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

3. வலி, மரத்துப் போதல், காய்ச்சல் என்று நீங்கள் முறையிட்ட நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

4. படகு, வாகனம், மருந்து, தங்குமிடம், கடை பூட்டிய நாட்கள் எல்லாவற்றுக்கும் திகதியோடு கணக்கு வையுங்கள்.

5. ஆறு மாதத்துக்குள் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வழக்கு வேண்டாம் என்ற முடிவையும் அதன் பிறகு எடுங்கள்.

இந்த ஐந்துக்கும் பெரிய செலவில்லை. ஒரு சி.ஆர். கொப்பியும் ஒரு பேனையும் போதும். அல்லாஹ் நம் எல்லோரையும் நோயிலிருந்தும் ஆபத்திலிருந்தும் காப்பாற்றுவானாக.