எந்திரம் குடிக்கும் நீர்

வெயில் ஏறிய நண்பகல். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பேருந்து நிற்கிறது. அதன் முகப்பிலிருந்து ஆவி சீறுகிறது. ஓட்டுநர் குடத்தை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கிணற்றை நோக்கி நடக்கிறார். இக்காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தண்ணீர் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணியும் இருக்கிறோம். அந்தத் தண்ணீரே எந்திரத்துக்குப் பகையாவதும் உண்டு. அது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

மோட்டார் எந்திரத்தின் உருளையில் எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசையும் கடக்கும். அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். எனவே எரிபொருள் தரும் ஆற்றலில் கால் பங்குக்குக் குறையாத வெப்பத்தைக் குளிர்விக்கும் நீர் ஓயாமல் சுமந்து சென்று, ரேடியேட்டர் வழியே காற்றில் விடுகிறது. இவ்வேலைக்கு நீரைப்போல் எளிதிலும் மலிவிலும் கிடைக்கும் பொருள் வேறில்லை. ஆயினும் அதற்கு மூன்று குறைகள் உண்டு. 0 பாகையில் உறைகிறது, 100 பாகையில் கொதிக்கிறது, உலோகத்தை அரிக்கிறது.

முதல் இரு குறைகளையும் நீக்க உதவுவது எத்திலீன் கிளைக்கால். 1856-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் வூர்ட்சு இதனை முதன்முதலில் உண்டாக்கினார். இதைச் சமபங்கு நீருடன் கலந்தால் உறைநிலை ஏறக்குறைய -37 பாகைக்கு இறங்குகிறது. கொதிநிலை 107 பாகையளவுக்கு ஏறுகிறது. ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் கொதிநிலையை மேலும் உயர்த்துகிறது. மிகுதியாக ஊற்றினால் மிகுந்த நன்மை என்று எண்ண வேண்டா. தனிக் கிளைக்கால் -13 பாகையிலேயே உறையும். வெப்பத்தைச் சுமப்பதிலும் நீருக்கு இளைத்ததே.

"பனி விழாத நம் சமவெளிக்கு இது எதற்கு?" என்று கேட்கலாம். கொதிநிலை உயர்வு நம் கோடைக்கும் வேண்டியதே. அதனினும் முதன்மையானது மூன்றாவது குறை. ஓர் எலுமிச்சம்பழத்தில் செப்புக் கம்பியையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் செருகினால் சிறு மின்கலம் அமைவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். அங்கே கரைவது துத்தநாகம். எந்திரத்திலும் வார்ப்பிரும்பு, எஃகு, அலுமினியம், சில வண்டிகளில் செம்பு, பித்தளை, ஈயப்பற்று ஆகியவை ஒரே நீரில் நனைகின்றன. உப்புக் கலந்த கிணற்று நீர் அங்கே எலுமிச்சைச் சாற்றின் வேலையைச் செய்கிறது. அலுமினியம் பொத்தலாகிறது, இரும்பு துருவாகிறது. நீரிலுள்ள சுண்ணச் சத்து சுவரில் பாறைபோல் படிந்து வெப்பத்தைத் தடுக்கிறது.

இதனைத் தடுக்கவே குளிர்விப்பு நீர்மத்தில் அரிப்புத் தடுப்பான்களைச் சேர்க்கின்றனர். மருந்து நோய்க்குப் பொருந்த வேண்டுமன்றோ? 1824-இல் ஆங்கில அறிஞர் ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் செப்புத் தகட்டோடு இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்து, அது கடல்நீரில் அரிபடாமல் காத்தார். செம்பு பிழைத்தது, ஆனால் செம்பு கரையாமற்போகவே, சிப்பியினங்கள் அதன்மேல் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் கெடுத்தன!

தடுப்பான்களிலும் இத்தகைய நிறைகுறைகள் உண்டு. பழைய வகையில் சிலிக்கேட்டு, பாஸ்பேட்டு போன்ற கனிம உப்புகள் உள்ளன. அவை உலோகமெங்கும் விரைவாகப் படலம் போர்த்தும். விரைவாகவே தீர்ந்தும் போகும். ஆதலால் ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கரிம அமில வகை, அரிப்புத் தொடங்கும் இடத்தில் மட்டும் செயற்பட்டு ஐந்தாண்டு வரை உழைக்கும். இவ்விரண்டையும் இணைத்த கலப்பு வகையும் உண்டு. பாஸ்பேட்டு கடின நீரில் படிவு உண்டாக்கும் என்பதால் ஐரோப்பியர் அதைத் தவிர்த்தனர். ஜப்பானியரோ அதனையே விரும்பிச் சேர்த்தனர்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பாதீர்கள். நிறம் வெறும் சாயமே; அதற்குப் பொது விதி கிடையாது. வண்டியின் கையேடு குறிக்கும் வகையையே வாங்குக. வகை தெரியாதவற்றைக் கலக்காதீர். தடுப்பான்கள் வலுவிழக்கலாம், சில வேளை கூழாகத் திரண்டு குழாயை அடைக்கலாம். கலப்பதற்கு வாலை வடிநீரே ஏற்றது. குறித்த காலத்தில் மாற்றுவதும் கடமை. ஏனெனில் கிளைக்கால் நாளடைவில் சிதைந்து அமிலமாகி, தான் காத்த உலோகத்தையே தாக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். சூடான எந்திரத்தின் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் நீங்கிய கணமே நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தை வேகவைக்கும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. உடலுக்குள் ஆக்சாலிக் அமிலமாகிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். அதைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. கீழே சிந்தினால் குழந்தையோ நாயோ நாவை வைக்குமுன் துடைத்துவிடுக.

குடத்தோடு நடந்த ஓட்டுநரைக் குறைகூற வேண்டா. வழியில் நின்றவருக்குக் கிடைத்த நீரே துணை. எந்திரம் ஆறியபின் அதை ஊற்றி, வண்டியை ஊர் சேர்க்கட்டும். சேர்ந்தபின் கசிவை அடைத்து, அந்நீரை வடித்து, உரிய நீர்மத்தை நிரப்ப மறந்தாரானால், அடுத்த கோடையிலும் அதே குடத்தை எடுக்க நேரும்.