ஊராட்சி அலுவலகக் கணினியின் காவல்

தாமிரபரணி கடலொடு கலக்கும் முகத்தில் அமைந்த புன்னக்காயல், தமிழ் அச்சுக் கலையின் சரித்திரத்தில் நிலையான இடம் பெற்ற ஊராகும். ஹென்றிக் ஹென்றிக்ஸ் பாதிரியாரின் ‘அடியார் வரலாறு’ 1586 ஆம் ஆண்டில் இவ்வூரில் அச்சேறியது என அறிஞர் பலர் கொள்வர். அன்று அச்சு யந்திரம் செய்த வேலையில் பெரும் பகுதியை இன்று கணினி செய்கிறது. நகரத்தார் மட்டுமே இதனை அறிவர் என்னும் காலம் போயிற்று. வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு, திட்ட வரைவு, வரவு செலவுக் கணக்கு ஆகிய யாவும் ஊராட்சி மன்றத்தின் வாயிலிலேயே கணினிவழி நடைபெறுகின்றன.

2020 ஏப்ரல் 24 ஆம் நாள் மத்திய அரசு ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் கணக்கு முறையைத் தொடங்கியது. நிதிக்குழு மானியத்திலிருந்து குழாய் பழுது பார்த்தவருக்குக் கூலி கொடுப்பதாயினும், ஒருவர் பட்டியலைப் பதிவு செய்ய, மற்றொருவர் சரிபார்த்து, மின்னணுக் கையொப்பம் இட்ட பின்னரே பணம் வங்கிக்குச் செல்லும். ஆகவே அலுவலகத்தில் உள்ள அந்த ஒரு யந்திரம் படுத்துவிட்டால், உழைத்தவர் வீட்டில் அடுப்பு எரிவது தாமதப்படும். இத்தகைய யந்திரத்தை யார் காப்பது, எவ்வாறு காப்பது என்பதையே இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

முதற்கண், கணினியில் இருவகைக் கணக்குகள் உண்டு என்பதை அறிதல் வேண்டும். ஒன்று நிர்வாகியின் கணக்கு. மற்றொன்று சாதாரணப் பயனரின் கணக்கு. புதிய மென்பொருளை ஏற்றவும், பழையதை நீக்கவும், பாதுகாப்பு ஏற்பாடுகளை மாற்றவும் முன்னதற்கே உரிமை உண்டு. நம் அலுவலகங்கள் பலவற்றில் எல்லோரும் எந்நேரமும் நிர்வாகியின் கணக்கிலேயே வேலை செய்கின்றனர். இது களஞ்சியத்தின் சாவியை வாயிற்படியில் மாட்டி வைப்பதை ஒக்கும். யாரோ அனுப்பிய கடிதத்தின் இணைப்பைத் தவறித் திறந்துவிட்டால், அதனுள் மறைந்து வரும் தீய மென்பொருளும் நிர்வாகியின் உரிமையனைத்தையும் பெற்றுவிடுகிறது. அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கும், வேண்டும்போது மட்டும் நிர்வாகியின் கணக்குமாக வைத்துக்கொண்டால் ஆபத்தில் பெரும்பகுதி குறையும். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

இரண்டாவது, புதுப்பிப்பு. மென்பொருள் மனிதர் செய்த பொருளாதலின் அதில் ஓட்டைகள் இருக்கவே செய்யும். அவை தெரியவரும்போது, செய்த நிறுவனம் அடைப்பை அனுப்புகிறது, அதுவே புதுப்பிப்பு. வள்ளத்தின் அடியில் வெடிப்புக் கண்டால் கரையேற்றி அடைத்த பின்னரே கடலுக்குச் செல்வது நம் மீனவர் வழக்கம். கணினியின் வெடிப்போ கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாலேயே அசட்டை மிகுகிறது.

இவ்வசட்டையின் விளைவை 2017 ஆம் ஆண்டில் உலகம் கண்டது. அவ்வாண்டு மார்ச் மாதம் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டைக்கு அடைப்பை வெளியிட்டது. இரு மாதங்கள் கழித்து, மே 12 அன்று, ‘வானாகிரை’ என்னும் பணயத் தீநிரல் அதே ஓட்டையின் வழியே நுழைந்து சுமார் 150 நாடுகளிற் பரவிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டு, 300 டாலர் கொடுத்தாலன்றித் திறவோம் என்று அது மிரட்டியது. பெரிய மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் மட்டுமே அதற்கு இரையாயின என எண்ண வேண்டா. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், வயநாட்டுத் தரியோடு ஊராட்சியிலும் பத்தனம்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் ஊராட்சியிலும் அலுவலகக் கணினிகள் பூட்டப்பட்டன. மலையடிவாரத்து ஊராட்சியை அத்தீநிரல் தேடி வந்ததன்று. அடைக்கப்படாத கதவு எங்கிருந்ததோ அங்கே புகுந்தது.

அடைப்பு ஏன் போடப்படாதிருக்கிறது? காரணங்களுள் முக்கியமான ஒன்றை வெளிப்படையாகவே கூறுவோம். விலை கொடாது நகல் எடுத்த மென்பொருளைச் சில விற்பனையாளர்கள் கணினியில் ஏற்றித் தருகின்றனர். நகல் வெளிப்பட்டுவிடும் என அஞ்சிப் புதுப்பிப்பையே நிறுத்திவைக்கும் வழக்கமும் உண்டு. வாங்கும்போதே உரிமச் சான்றினைக் கேட்டுப் பெறுதல் மன்றத்தின் கடமை. மேசை நாற்காலிகளுக்கு இருப்புப் பதிவேடு எழுதும் நாம், எந்த யந்திரத்தில் எந்த மென்பொருள் எந்த ஆண்டு முதல் உள்ளது என்று ஒரு பக்கமேனும் எழுதுவதில்லை. ஏனோ தெரியவில்லை.

அவ்வாறாயின் வரும் புதுப்பிப்பையெல்லாம் உடனே ஏற்றிவிடலாமா என நேயர்கள் வினவலாம். இங்குதான் நிர்வாகியின் நிதானம் தேவைப்படுகிறது. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பினால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிற்கூடப் பயணிகளுக்கு அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அச்சுக்கூடத்தில் ஓர் எழுத்தைத் தவறாகக் கோத்தால் அப்பிழை எல்லாப் பிரதிகளிலும் ஏறுவது போன்றதே இது. அதற்காகவே அச்சகத்தார் முதலிற் பார்வைப்படி எடுக்கின்றனர். கணினிக்கும் அதுவே முறை: ஒரு யந்திரத்தில் ஏற்றி, ஓரிரு நாள் வேலை செய்து பார்த்து, பிறகு மற்றவற்றிற்குச் செல்க.

ஆனால் ஒரே கணினி உள்ள ஊராட்சி என்ன செய்யும்? அங்கே தனித்துச் சோதிப்பது இயலாது. ஊராட்சி ஒன்றிய அலுவலகம் தன் யந்திரம் ஒன்றில் முதலிற் சோதித்துத் தன் எல்லைக்குட்பட்ட ஊராட்சிகளுக்கு அறிவித்தல் நலம் என்பது எமது கருத்து. பாதுகாப்புக்குரிய அடைப்பைச் சில நாட்களுக்கு மேல் தள்ளலாகாது. தோற்றத்தையும் வசதியையும் மாற்றும் பெரிய புதுப்பிப்புகள் ஒரு மாதம் பொறுக்கலாம். மார்ச் மாதக் கடைசி வாரத்திலும், கிராம சபைக்கு முந்திய நாளிலும் எதனையும் மாற்றாதிருத்தல் விவேகம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிவுற்றது. பழைய யந்திரங்கள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அத்தகையவற்றைக் கழித்துவிடுவதற்கு முன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை எண்ணிப் பார்க்கலாம். எனினும், மின்னணுக் கையொப்பக் கருவியும் அச்சு யந்திரமும் அதில் இயங்குகின்றனவா என்று பார்த்த பின்னரே மாறுதல் வேண்டும்.

கையொப்பக் கருவி என்றதும் ஒன்று கூறாதிருக்க முடியவில்லை. விரலளவே உள்ள அக்கருவியையும் அதன் இரகசிய எண்ணையும் வெளிக் கணினி மையத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஒரே மனிதர் இருவர் கருவியையும் வைத்திருந்தால், பதிவு செய்வோர் ஒருவர், சரிபார்ப்போர் ஒருவர் என்ற ஏற்பாடே பொருளற்றதாகிவிடும். தூத்துக்குடி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிற் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இவ்வாறு பொறுப்பு மாறும் நாளிலேயே பழைய கடவுச்சொற்களை மாற்றி, பதவி நீங்கியவரின் உரிமைகளை நீக்கி, அதனைப் பதிவேட்டிற் குறித்தல் வேண்டும். இது எவர் நேர்மையையும் ஐயுறுவதன்று; பின்னர் ஏதேனும் நேர்ந்தால் அவரையும் பழியினின்று காப்பதாகும்.

இறுதியாக, நகல். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில், அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததும், தாமிரபரணிக் கரைகள் வெள்ளக்காடானதும் யாவரும் அறிந்ததே. கணினியும் அதன் நகல் வட்டும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் ஒருங்கே நனையும். வட்டினை யந்திரத்தோடு எப்போதும் இணைத்தே வைத்திருந்தால், பணயத் தீநிரல் அதனையும் பூட்டிவிடும். ஆகவே வாரம் ஒரு முறை நகல் எடுத்தவுடன் வட்டைக் கழற்றிவிடுக. இரண்டு வட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை மேட்டு நிலத்திலுள்ள ஒன்றிய அலுவலகத்திற் சேர்ப்பித்து ஒப்புதல் பெறுக. மாதம் ஒரு முறை, நகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தலும் அவசியம். திறவாத நகல் நகலன்று. கடற்காற்றின் உப்பு இணைப்பு முனைகளை அரிக்குமாதலின், கடலோர ஊர்களில் வட்டை இறுக மூடிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றுடன் வைத்தல் நன்று.